உச்சி என்று நான் காட்டிய பாறை

மட்டாஞ்சேரியில் மேடு என்று ஒன்று கிடையாது. நாங்கள் ஏறியதெல்லாம் மிளகுக் கிடங்குகளின் மரப்படிகளும், தோப்பும்படியிலிருந்து வெல்லிங்டன் தீவுக்குப் போகும் பழைய பாலமும்தான். கடல் பொங்கி காயலில் வேலியேற்றம் வந்தால் ஓடைத் தண்ணீர் பின்வாங்கி வீட்டுப் படியைத் தொடும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, ஓய்வு பெறும்வரை ஒரு பள்ளியில் பூகோளம் நடத்தினேன். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைந்துவிடுவேன்.

என் மனைவி, நாலைந்து கட்டில் போட்ட நகராட்சி மருந்தகத்தில் உதவியாளராக இருந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. எங்கள் இரண்டு குடும்பங்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. என் பக்கத்தில் முதலில் வந்தது யார் என்று சொல்ல ஆளில்லை. அவள் பக்கத்தில் அவளுடைய அப்பாவே வந்தவர். இளவயதில், அரிசி மூட்டை சுமப்பவர்களோடு போடிப் பக்கத்திலிருந்து மலையை நடந்து கடந்து, மூணாறில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, கொச்சிக்கு இறங்கி நகராட்சி வேலையில் சேர்ந்தார். மலைக்கு மேலே ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்து நின்றதாகச் சொல்வார். இந்தப் பக்கம் அத்தனையும் பச்சை, அந்தப் பக்கம் அத்தனையும் செம்மண் என்பார். அவர் போன பிறகு, தானும் அப்படி நிற்க வேண்டும் என்பது என் மனைவிக்கு ஆசையாகிவிட்டது.

"பஸ் ஏறி போடிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாமே" என்றேன் ஒருமுறை.

"போடியைப் பார்க்கவா கேட்டேன்? மேலே நிக்கணும்னு கேட்டேன்."

எங்கள் தெருவில் ஆண்கள் வருடந்தோறும் மாலை போட்டு சபரிமலைக்குப் போவார்கள். நானும் போவேன். என் மனைவி வயதுப் பெண்கள் வர முடியாது. விரதச் சமையலும், இருமுடிக்கு அரிசி அளந்து வைப்பதும், திரும்பி வருகிறவர்களின் காலுக்கு வெந்நீர் வைப்பதும் அவர்களுடைய பங்கு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், நான் மலையிலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள்:

"உங்களுக்கெல்லாம் வருஷா வருஷம் ஒரு மலை. எங்களுக்கு?"

தோப்பும்படி மீன் துறைமுகத்தில் ஐஸ் ஆலையில் வேலை பார்த்த அவள் தம்பி அன்று வந்திருந்தான். "உனக்குத்தான் பாலம் இருக்கே அக்கா" என்றான்.

"நீ மிண்டாம சும்மா இருடா. நான் அத்தான்கிட்டே கேக்கறேன்."

"அத்தானைக் கேட்டா மேப்பிலே காட்டித் தருவாரு. இருந்த இடத்திலேருந்தே ஏறிக்கலாம்."

நானும் சிரித்தேன். உன்னால் முடியாது என்று அன்று சொன்னேன், அதற்குப் பிறகு பலமுறையும் சொன்னேன். அன்றைக்கு மறுநாளிலிருந்தே அவள், வேலைக்குப் போகும் முன் பாலத்தில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். துறைமுகத்திலிருந்து மீன் கூடையோடு வரும் பெண்கள் "சேச்சி எங்கோட்டாணு?" என்று கேட்பார்களாம். "மலைக்கு" என்பாளாம்.

கடைசியில் ஒத்துக்கொண்டேன். மலையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். சுமைகாரர்கள் உச்சி வழியாகப் போக மாட்டார்கள், கணவாய் வழியாகத்தான் போவார்கள் என்று எனக்குத் தெரியும். மாமனார் நின்ற இடம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. மூணாறுக்குக் கிழக்கே, மாநில எல்லை உச்சியை ஒட்டி ஓடும் ஒரு மலையை வரைபடத்தில் பார்த்து, இதுதான் என்று விரல் வைத்தேன். அவள் அந்த இடத்தைத் தானும் தொட்டுப் பார்த்தாள்.

ஓண விடுமுறையில் போனோம். பள்ளிக்கு விடுமுறை என்பதைத் தவிர அந்த நாட்களைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் இல்லை. நேரியமங்கலம் தாண்டி பஸ் வளைந்து ஏறத் தொடங்கியதும் அவள் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. பாறைகளிலிருந்து அருவி சாலையோரம் விழுந்தது, சாரல் உள்ளே வந்தது. பஸ்ஸில் எல்லோரும் கண்ணாடியை இறக்கி மூடினார்கள், அவள் மட்டும் மூடவில்லை. மூணாறில் ஒரு சின்ன விடுதியில் தங்கிவிட்டு, விடிந்ததும் ஜீப் பிடித்துத் தேயிலைத் தோட்டத்தின் மேல் எல்லைக்குப் போனோம்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. பள்ளத்தாக்கில் மட்டும் வெள்ளையாக மஞ்சு கிடந்தது. மூடுபனியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொச்சியில் காயல் மேல் காலையில் மஞ்சு கிடக்கும், வெயில் ஏறினால் போய்விடும். இதுவும் போய்விடட்டும், பிறகு ஏறலாம் என்று நான் சொன்னேன். தோட்டத்துச் சாயாக்கடையில் உட்கார்ந்து சாயா குடித்தோம், கப்பைக்கிழங்கு சாப்பிட்டோம், மறுபடி சாயா குடித்தோம். காலையில் பள்ளத்தில் கிடப்பது வெயில் ஏற ஏற மேலே ஏறும் என்பதைப் பள்ளத்தாக்குக் காற்று என்ற தலைப்பில் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நடத்தியவன் நான். என் எதிரிலேயே அது ஏறிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அது கலையக் காத்திருந்தேன்.

கிளம்பும்போது ஜீப் டிரைவர் என்னைத் தனியாக அழைத்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்.

"வெள்ளனவே ஏறியிருக்கணும் சார். சரி, பாதையை விட்டுறாதீங்க. மேலே ஒரு மொட்டைப் பாறை வரும். அதான் உச்சின்னு நெனச்சு ஆளுங்க திரும்பிடுவாங்க. அதுக்கப்புறம் ஒரு பள்ளம் இறங்கி ஏறணும். அங்கேதான் உச்சி. அங்கே போனாத்தான் நம்ம பக்கம் தெரியும்."

மனைவி அப்போது என் பழைய கேன்வாஸ் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் இது விழவில்லை.

சபரிமலையில் முன்னால் போகிறவரின் குதிகாலைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. கூட்டமும் சரணமும் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இங்கே யாரும் இல்லை. தேயிலை முடிந்ததும் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலைக்காடு. கிளையெல்லாம் பாசி தொங்கியது. உள்ளே நுழைந்ததும் எங்கள் மூச்சுச் சத்தம் எங்களுக்கே கேட்டது. அதைக் கடந்தால் புல். இடுப்புயரப் புல், மலையின் முதுகு முழுக்க. காற்று அடிக்கும்போது ஒரு முழு மலைச்சரிவே நிறம் மாறி, மறுபடி பழைய நிறத்துக்கு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். நான் அதுவரை வரைந்த எந்தக் கோட்டிலும் இது இல்லை.

"பேசாதீங்க" என்றாள் அவள். நான் பேசவே இல்லை.

அங்கிருந்து அவள்தான் முன்னால் நடந்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, கையில் ஒரு குச்சியோடு, மருந்தகத்தில் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போவது போல, அவசரமும் இல்லாமல் நிற்காமலும் போனாள். நான் பின்தங்கினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. நிற்கச் சொல்ல வெட்கமாக இருந்ததால் புல்லைப் பார்ப்பது போலவும் பூவைப் பார்ப்பது போலவும் நின்று நின்று போனேன். அதற்குள் மஞ்சு எங்களை எட்டிவிட்டது. முதலில் கீழே இருந்த தோட்டம் மறைந்தது, பிறகு சோலை, பிறகு நாங்கள் வந்த பாதை.

மொட்டைப் பாறை வந்தது. அதற்கு மேல் ஏற எதுவும் தெரியவில்லை. நாலு பக்கமும் வெள்ளை.

"இதுதானா?" என்றாள்.

இன்றைக்கும் அந்தக் கேள்வி எனக்குக் கேட்கிறது. டிரைவர் சொன்னதை நான் மறக்கவில்லை. இன்னும் பள்ளத்தில் இறங்கி ஏற என் உடம்பு மறுத்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. உன்னால் முடியாது என்று மாதக்கணக்காகச் சொன்ன வாய் அது.

"இதுதான்" என்றேன்.

"அந்தப் பக்கம் எது?"

கிழக்கே கை காட்டினேன். "மஞ்சுக்குப் பின்னாலே இருக்கு. தெரியாது இப்போ."

அவள் பாறையின் நடுவே போய் நின்றாள். கிழக்கே ஒரு கால், மேற்கே ஒரு கால் அகட்டி வைத்தாள். "இது கேரளம், இது தமிழ்நாடு" என்று சிரித்தாள். ஒன்றுமே தெரியாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு, "எங்கப்பா சும்மா சொல்லலை" என்றாள்.

அவள் காலில் அட்டை ஏறியிருந்தது. பாறையில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுத்துக் குனிந்தாள். அந்த நேரத்தில் மஞ்சு கிழிந்தது.

எனக்கு எதிரே, பள்ளத்துக்கு அப்பால், மலை நின்றது. உச்சியைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. கறுத்த பாறைச் சுவர். அதன் நடுவில் நூல் போல ஒரு நீர்க்கோடு. சுவரின் விளிம்பில் அசைந்தவற்றை முதலில் கல் என்று நினைத்தேன். வரையாடுகள். அவை அவ்வளவு சிறிதாகத் தெரிந்தபோதுதான் மலையின் அளவு எனக்குப் பிடிபட்டது. மேகம் அதன் தோளில் மோதிப் பிரிந்து இரண்டு பக்கமும் வழிந்தது. கைகூப்பத் தோன்றியது. என் வாழ்நாளில் அதற்கு முன்போ பின்போ அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அவள் நிமிர்ந்து பார்த்திருப்பாள். அவள் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. மஞ்சு மூடிக்கொண்டது.

"மழை வரும் போலிருக்கு. இறங்கலாம்" என்றேன்.

ஊர் திரும்பியதும் அவள் எல்லோரிடமும் சொன்னாள். மருந்தகத்தில் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் சொன்னாள், பாலத்து மீன்காரப் பெண்களிடம் சொன்னாள். "எங்கக்கா ரெண்டு ஸ்டேட்டிலேயும் கால் வச்ச ஆளாக்கும்" என்று தம்பி பெருமையடித்தான். "அத்தான், நீங்க எந்த ஸ்டேட்டிலே நின்னீங்க?"

"அவர் எங்கேடா நின்னார்? மூச்சு வாங்கிட்டு உக்காந்திருந்தார்" என்று அவள் சொல்ல, வீடு முழுக்கச் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. கூடப் போனது பூகோள வாத்தியார் அல்லவா?

அந்தப் பொய் அதோடு அடங்கியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். ஆனால் அவளைக் கேட்டுக்கேட்டு, தெருப் பெண்களுக்கும் மருந்தகத்துப் பெண்களுக்கும் ஆசை வந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துப் போக ஆரம்பித்தார்கள். முதலில் மலையாற்றூர். அடுத்து வாகமண். அப்புறம் நெல்லியாம்பதி. பள்ளுருத்தியிலிருந்துகூட ஆட்கள் சேர்ந்தார்கள். பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, காயல் மட்டத்தை விட்டு ஏறாமலே பாதி வாழ்க்கையைக் கழித்த பெண்கள் அவர்கள். வேன் நிற்கும் இடத்தில் நான் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் கூச்சலோடு ஏறிப்போவார்கள். திரும்பும்போது சத்தம் இருக்காது. ஒவ்வொரு முகமும் எதையோ பார்த்து வந்த முகமாக இருக்கும். புதிதாக வந்த யாராவது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால் என் மனைவி சொல்வாளாம்: "நான் உச்சி வரைக்கும் போனவடி. நீயும் போவே, எழுந்திரு."

அவள் ஓய்வு பெறும் வருடம் வந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்குள் மூணாறில் மலையேறுவது ஒரு பொழுதுபோக்காகியிருந்தது. வனத்துறையிடம் அனுமதி வாங்கினால் ஒரு வனக்காவலரைத் துணைக்கு அனுப்பினார்கள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து, சேச்சியின் மலைக்கே போவது என்று முடிவு செய்தார்கள்.

யானை இருக்கும் என்றேன். வயதாகிவிட்டது என்றேன். அட்டை கடிக்கும் என்றேன்.

"ஜனவரியிலே அட்டை ஏது? மஞ்சும் இருக்காது. அந்தப் பக்கத்தை இவளுங்களும் பார்க்கட்டும், நானும் பார்க்கறேன்."

சொல்லிவிட வாரக்கணக்கில் நேரம் இருந்தது. அவள் இரவு பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் போய் நிற்பேன். "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்லை" என்று வந்துவிடுவேன். வழித்துணைக்கு என்று நானும் கிளம்பினேன். மலைக்குப் போகிறவர்களில் மஞ்சு வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மஞ்சு இல்லை. இந்த முறை அவள் சொன்னபடி விடியும்போதே ஏறத் தொடங்கினோம். புல் பொன்னிறமாகக் காய்ந்திருந்தது. ஓரங்களில் பனி உறைந்து வெள்ளையாக இருந்தது. சோலையின் விளிம்பில் காட்டுப் பூவரசு மரங்கள் இலை தெரியாமல் சிவப்பாகப் பூத்திருந்தன. கொச்சிப் பெண்கள் உறைபனியைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கத்தினார்கள். பிறகு சூரியன் வந்ததும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, நீலம் வெளுத்து வெளுத்து, கண்ணுக்கு எட்டாத இடம்வரை போயின. இவ்வளவும் இங்கேயே இருக்க, நாம் ஏன் அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு சத்தமாக வாழ்ந்தோம் என்று தோன்றியது.

நான் மொட்டைப் பாறைக்கு வந்து சேர்ந்தபோது, அவர்கள் அங்கே வரிசையாக நின்றிருந்தார்கள். எதிரே முழு மலையும் வெயிலில் நின்றது.

"சேச்சி, இதுதானே நீங்க சொன்ன உச்சி?" என்று பள்ளுருத்திக்காரி ஒருத்தி கேட்டாள். "அப்போ அது எந்தா?"

என் மனைவி எதிரே பார்த்துக்கொண்டே இருந்தாள். வனக்காவலர்தான் பேசினார். "எல்லாரும் இங்கே ஏமாறுவாங்கம்மா. மஞ்சு இருந்தா அது தெரியாது."

"ஆமா" என்றாள் அவள் மெதுவாக. "அன்னைக்கு நல்ல மஞ்சு. சாருக்கும் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாரா?"

எனக்காக அவளே ஒரு கதவைத் திறந்து வைத்தாள். அதன் வழியாக நான் போயிருக்கலாம். ஆனால் அந்த மலைக்கு எதிரே நின்றுகொண்டு முடியவில்லை. மற்றவர்கள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னேன். டிரைவர் சொன்னது, மஞ்சு கிழிந்தது, நான் பார்த்தது, எல்லாம்.

"நான் அப்போ எங்கே இருந்தேன்?"

"அட்டையை எடுத்துட்டிருந்தே."

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். "என்னாலே ஏற முடியாதுன்னு நெனச்சீங்களா?"

"இல்லை. நீ ஏறியிருப்பே. எனக்குத்தான் முடியலை."

"அதைச் சொல்லியிருந்தா நீங்க இங்கே உக்காந்திருக்கலாமே. நான் போயிட்டு வந்திருப்பேன்."

இத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

"எத்தனை பேரை இதைச் சொல்லியே மலையேத்தி விட்டிருக்கேன்" என்றாள். அழவில்லை. குச்சியை எடுத்துக்கொண்டாள். "இப்போ உக்காருங்க."

அவர்கள் பள்ளத்தில் இறங்கினார்கள். கொஞ்ச நேரம் குரல் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. எதிர்ச்சரிவில் சிறு புள்ளிகளாக மறுபடி தோன்றினார்கள். அன்று வரையாடுகளைப் பார்த்த அதே விளிம்பில் இன்று நகராட்சி மருந்தகத்துப் பெண்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன புள்ளி நிற்கவே இல்லை. மலையையும் அந்தப் புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டில் எதைப் பார்த்து அதிகம் மலைத்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அது வானத்தின் விளிம்பில் போய் நின்றது. நான் எழுந்து நின்றேன். கால்களை எப்படி வைத்திருந்தாள் என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. முகம் கிழக்கே இருந்தது. மற்றவர்கள் வந்து சேர்ந்து, பார்த்து, இறங்கத் தொடங்கிய பிறகும் அவள் அப்படியே நின்றாள்.

எங்கள் தெருவில் இப்போதும், முதல் தடவை மஞ்சு எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டதாகத்தான் சொல்கிறார்கள். அவளும் திருத்தியதில்லை. இதைத் தமிழில் எழுதுகிறேன். தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு, படிக்கிறவர்கள் அநேகமாக இல்லை. அவளே மலையாளம்தான் படிப்பாள். இங்கும் நான் கொஞ்சம் ஒளிந்துகொள்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

அன்று எல்லோருக்கும் கடைசியாக அவள் பாறைக்குத் திரும்பி வந்தாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வெயில் இன்னும் இருக்கு. உங்களுக்குப் போய்ப் பார்க்கணுமா? மெதுவாப் போங்க. நாங்க காத்திருக்கோம்."

"வேண்டாம்" என்றேன்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் நான் சொன்னது வேண்டாம் என்றுதான்.